பாட்டு ஓடுது, ஆள் நிக்கலை

2025 அக்டோபர் கடைசியில் வந்த, அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் முதல் 40 இடத்துக்குள் ஒரு ராப் பாட்டுகூட இல்லை. 1990க்குப் பிறகு அப்படி நடப்பது அதுதான் முதல் தடவை. உடனே ஹிப் ஹாப் முடிஞ்சு போச்சு என்று பேச்சு கிளம்பிவிட்டது. பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும் மாடி ரூமில் மைக் கட்டிப் பாடுகிற பிள்ளைகளும் அதையேதான் கேட்கிறார்கள்: இனிமே இதுல இறங்குறது வீண் வேலையா?

அந்தப் பட்டியலில் பாதி கணக்கு விவகாரம். 26 வாரம் தாண்டிய பாட்டு 25ஆம் இடத்துக்குக் கீழே இறங்கினால் தூக்கிவிடலாம் என்று விதியை அப்போதுதான் இறுக்கினார்கள். கென்ட்ரிக் லாமாரும் சிஸாவும் பாடி, 13 வாரம் முதலிடத்தில் நின்ற பாட்டு அதில் அடிபட்டு வெளியே போனது. அதே மாதம் டெய்லர் ஸ்விஃப்ட்டின் புது ஆல்பம் வேறு வந்து மேலிடங்களை அடைத்துக்கொண்டது.

ஆனால் விதியைக் காட்டி மட்டும் தப்பிக்க முடியாது. 46 வாரம் ஓடிய அந்தப் பழைய பாட்டு விழுந்ததும் அந்த இடத்துக்கு வர ஒரு புதுப் பாட்டு இல்லையே, அதுதான் உண்மையான பிரச்சினை. 2017இல் ராக் இசையைத் தாண்டி அமெரிக்காவில் அதிகம் கேட்கப்பட்ட வகையாக ஹிப் ஹாப்பும் ஆர் அண்ட் பியும் வந்தன. 2023இல், ஹிப் ஹாப்பின் ஐம்பதாம் ஆண்டிலேயே, ஒரு ராப் ஆல்பம் முதலிடம் பிடிக்க ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முதலிடம் பிடிக்கிற ஆட்களைப் பாருங்கள். டிரேக் 1986இல் பிறந்தவர், கென்ட்ரிக் 1987, டைலர் தி கிரியேட்டரும் ட்ராவிஸ் ஸ்காட்டும் 1991. 2025இல் ஆல்பத்தோடு முதலிடம் போன பிளேபாய் கார்ட்டி, கார்டி பி இரண்டு பேருமே 2018க்குள் நிலைத்துவிட்டவர்கள். அதற்குப் பிறகு வந்தவர்களில் டோச்சி 2025இல் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி வாங்கினார். அவருக்கு அடுத்து யார் என்றால் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. எக்ஸ்எக்ஸ்எக்ஸ்டென்டாசியோன் 2018இல் 20 வயதில் போய்விட்டார், ஜூஸ் வேர்ல்ட் 2019இல் 21 வயதில், பாப் ஸ்மோக் 2020இல் 20 வயதில். இன்றைக்குத் தலைமை ஏற்றிருக்க வேண்டிய வரிசை அது. இந்த இழப்பைச் சொல்லாமல் ‘புது ஸ்டார் இல்லை’ என்று சொல்வது நியாயமில்லை.

இன்னொரு காரணம் தொழில் நடக்கிற விதம். டிரேக் 2009இல் இலவச மிக்ஸ்டேப் (ஆல்பத்துக்கு முன்னோட்டமான பாட்டுத் தொகுப்பு) போட்டு, 2010இல்தான் முதல் ஆல்பம் போட்டார். கென்ட்ரிக் 2010, 2011, 2012 என்று வரிசையாக மூன்று படைப்பு கொடுத்த பிறகே நாடு முழுக்கத் தெரிந்தார். அந்த மூன்று வருஷத்தில் கேட்கிறவனுக்கு ஆளோடு பழக்கம் வந்துவிடும். இப்போது 30 விநாடி கேட்டால் ஸ்பாட்டிஃபையில் ஒரு ஸ்ட்ரீம். 140 பிபிஎம் (நிமிஷத்துக்கு 140 தட்டு) பீட்டில் 16 பார் (நாலு தட்டு ஒரு பார்) என்பது 27 விநாடி சொச்சம். அதனால் அறிமுக இசை கிடையாது, இரண்டாம் சரணம் கிடையாது, ஹூக்கை (திரும்பத் திரும்ப வரும் வரி) முதலிலேயே வைத்து இரண்டு நிமிஷத்தில் முடிக்கிறார்கள். அதில் ரீல்ஸுக்கு 15 விநாடி வெட்டினால் பாட்டு ஊர் முழுக்க ஓடும், பாடினவன் பேர் ஒருத்தருக்கும் தெரியாது.

தமிழில் இதற்கு முன்பிருந்தே ஒரு தடை உண்டு. சினிமாப் பாட்டில் ராப்பருக்குக் கிடைப்பது பெரும்பாலும் எட்டு பார், மிஞ்சினால் பதினாறு. பேர் இசையமைப்பாளருக்குப் போகும். 2021இல் ராப்பர் அறிவும் பாடகி தீயும் ‘என்ஜாய் எஞ்சாமி’ என்ற தனிப்பாடலால் எவ்வளவு தூரம் போனார்கள் என்று தெரியும். 2024இல் ராப்பர் ஹனுமன்கைண்ட், மலப்புறத்தில் பிறந்த ஆள், மரணக்கிணற்றில் வண்டி ஓட்டுகிறவர்களை வீடியோவில் காட்டி ஹாட் 100இல் 25க்குள் வந்தார். இரண்டிலும் வேறு யாரிடமும் கிடைக்காத சரக்கு இருந்தது.

நம்ம பக்கம் அந்த சரக்கு வீணாகிறது. முதல் தப்பு பீட். யூடியூபில் பெரிய ராப்பர் பேரைப் போட்டு விற்கிற டைப் பீட்டை லீஸுக்கு எடுக்கிறார்கள். லீஸ் என்றால் அதே பீட் இன்னும் பல பேருக்குப் போகும். வேறொருத்தன் அதை முதலில் கன்டென்ட் ஐடியில் (யூடியூபின் காப்புரிமைச் சோதனை) ஏற்றிவிட்டால் உங்கள் பாட்டுக்கு உரிமை கோரி க்ளெய்ம் விழும். பெரும்பாலான லீஸில் இத்தனை ஸ்ட்ரீம்தான் என்று வரம்பும் இருக்கும், படித்துப் பாருங்கள். காசு இல்லையென்றால் திரும்பத் திரும்ப ஓடுகிற எட்டு பார் லூப்பாவது சொந்தமாகப் போடக் கற்றுக்கொள்வதே மேல்.

அடுத்தது எழுத்து. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் போனேன், வந்தேன், நின்னேன் என்று இயைபு சும்மாவே கிடைக்கும். சும்மா கிடைப்பதால் அதற்கு மதிப்பும் இல்லை. நாலு வரியில் காது சலித்துவிடும். வினையை வரி நடுவுக்கு இழுத்து, பெயர்ச்சொல்லில் முடிக்க வேண்டும். எதுகையை வரித் தொடக்கத்தில், முதல் தட்டில் உட்கார வைக்க வேண்டும். உதாரணத்துக்கு இப்படி:

வண்ணார்பேட்டை பைபாஸ் முழுக்க வரிசையா லாரி வெளிச்சம்
கண்ணார கண்ட கனவுக்கெல்லாம் கையில நாலணா மிச்சம்

வண்ணார், கண்ணார இரண்டும் பாரின் முதல் தட்டில் விழும். வெளிச்சம், மிச்சம் நாலாம் தட்டில் முடியும். நடுவில் மோனை தானாக வண்டி ஓட்டும். இதை 88 முதல் 92 பிபிஎம்மில் சொல்லிப் பாருங்கள். வருகிறான், சொல்லுகிறான் என்று எழுதிவிட்டு பீட்டுக்குள் திணிப்பதைவிட, வீட்டில் பேசுகிற மாதிரி வருதான், சொல்லுதான் என்று எழுதினால் ஒரு எழுத்து மிச்சம். மெட்ராஸ் பாஷையைக் கடன் வாங்குகிற தேவையும் போய்விடும்.

பதிவில் மூன்று விஷயம் சரியாக இருந்தால் போதும். மைக்குக்கும் வாய்க்கும் 15 முதல் 20 செ.மீ., ஒலி உச்சம் மைனஸ் 10 டிபியைத் தாண்டாத அளவு, எதிரொலி அடக்க முதுகுக்குப் பின்னால் கனமான போர்வை. ஃபேனை நிறுத்திவிடுங்கள். 808 பேஸ் (ராப் பீட்டில் வரும் அடிமட்ட அதிர்வொலி) ஹெட்போனில் அதிர்ந்துவிட்டு போனில் காணாமல் போவது எல்லோருக்கும் நடக்கிறது. 45 ஹெர்ட்ஸ் ஒலியைப் போன் ஸ்பீக்கரால் தள்ள முடியாது, கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை லேசாக உடைக்கிற எஃபெக்ட்) ஏற்றினால் மேல் சுருதிகள் பிறந்து காதுக்குக் கேட்கும்.

மகுடம் என்கிற தோல் கருவியைப் பாட்டில் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் நிறைய. நல்ல ஆசை, ஆனால் பொறுமை வேண்டும். நம்ம பக்கத்துக் கோயில் கொடையில் (திருவிழாவில்) நடக்கும் கணியான் கூத்தில் உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடம். இரண்டையும் தீயில் காட்டித்தான் சுருதி ஏற்றுவார்கள். சூடு ஆற ஆறத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். அரை மணி நேரம் விடாமல் பதிவு செய்தால் முதல் டேக்கும் கடைசி டேக்கும் ஒட்டாது. காய்ச்சின கையோடு சில நிமிஷம் பதிவு, பிறகு நிறுத்தி மறுபடியும் காய்ச்சுவது, இப்படித்தான் போக வேண்டும். டைனமிக் மைக்கை ஒன்றரை அடி தள்ளி, தோலுக்குச் சாய்வாக வையுங்கள். நேராக வைத்தால் அடி உடைந்து கேட்கும். க்ளிக் ட்ராக்கை (தாளத்துக்குத் தட்டிக் காட்டும் ஒலி) மகுடம் வாசிக்கிறவுக காதில் மாட்டாதீங்க. சாமி வர்றதுக்கு வேகம் ஏற்றி ஏற்றி வாசித்துப் பழகின கை, க்ளிக் கேட்டதும் உயிர் போய்விடும். இஷ்டத்துக்கு வாசிக்கச் சொல்லி, நன்றாக வந்த நாலு பாரை வெட்டி எடுத்து அந்த வேகத்துக்குப் பாட்டை அமையுங்கள். 808இன் சுருதியை மந்தத்தின் சுருதிக்கு இழுங்கள், மகுடத்தை இழுக்காதீங்க. வாசித்தவருக்குப் பேசின பணத்தை அன்றைக்கே கொடுத்து, பாட்டு விவரத்தில் பேரும் போட வேண்டும்.

கடைசியாக மேடை. ரூமில் இரண்டு இரண்டு பாராக ஒட்டிப் பதிவு செய்தவனுக்கு மேடையில் ஆறாவது பாரிலேயே மூச்சு வாங்கும். வில்லுப்பாட்டுப் புலவர் கொடை ராத்திரி முழுக்கக் கதை சொல்லியும் குரல் உடையாமல் இருப்பதற்கு பின்பாட்டுக்காரர்தான் காரணம். அவர் வரி முடிவை வாங்கி ‘ஆமா’ போடுகிற நேரத்தில்தான் புலவர் மூச்சை எடுக்கிறார். கூட ஒருத்தரை நிறுத்தி, வரியின் கடைசிச் சொல்லை அவருக்குக் கொடுத்து எழுதுங்கள்.

ஒரு பாட்டு முடிந்ததும் அவசரப்பட்டு ஏற்ற வேண்டாம். எட்டு பாட்டு சேரட்டும், நாற்பது நிமிஷம் நின்றபடி விடாமல் பாட முடியட்டும். கொடைக் கமிட்டியோ கல்லூரியோ மேடை கொடுத்தால், பேக்கிங் டிராக்கில் (மேடையில் பின்னால் ஓடும் பதிவு) முக்கியக் குரலை எடுத்துவிட்டு ஹூக்கின் டபுளை (இரண்டாவது முறை பாடிப் பதிந்த குரல்) மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு மோனோவில் (எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி) இருக்கட்டும், கோயில் கொடையில் தெருவுக்குத் தெரு கட்டுகிற ஸ்பீக்கரில் ஸ்டீரியோ இருந்தால் ஒரு பக்கத்துக் கூட்டத்துக்குப் பாதிதான் கேட்கும். சவுண்ட் சர்வீஸ்காரரிடம் சாயங்காலமே போய், கூட்டம் வருமுன் ஒரு பாட்டு முழுசாகப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பென் டிரைவ் இரண்டு கொண்டுபோங்கள்.