திருப்பிக் கொடுத்த நகல்கள்

அந்த நகல்களைத் திருப்பிக் கொடுத்தது சரிதான் என்று யார் கேட்டாலும் சொல்வேன். அலுவலகக் கூட்டத்தில் கேட்டார்கள், சொன்னேன். மற்றப் பெண்கள் கேட்டார்கள், அவர்களிடமும் அதையேதான் சொன்னேன். தனியாக யோசிக்கும்போது மட்டும் அந்தப் பதில் அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

இரவில் அலுவலகக் கட்டடங்களைச் சுத்தம் செய்யும் பெண்களின் சம்பள வழக்கு அது. என்னைப் போன்ற சமூகப் பணியாளர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. காண்ட்ராக்டரின் வருகைப் பதிவேட்டில் எட்டு மணி நேரம் என்று இருக்கும். உண்மையில் பத்து, சில நாள் பதினொன்று. கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. கேட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்பார்கள். எல்லோரும் சேர்ந்து கூட்டு மனு போடச் சம்மதித்தார்கள். ஆனால் ஆதாரம் என்று எதையாவது கையில் வைத்திருந்தது ஒரே ஒரு அக்காதான்.

உள்ளங்கை அளவு நோட்டு. உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், எந்த மாடி, அன்றைக்குக் கூட வேலை செய்தவர்கள் யார் யார் என்று ஒவ்வொரு நாளும் பென்சிலால் பொடிப்பொடியாக எழுதியிருந்தார். தண்ணீர் பட்டு மங்கிய இடங்களில் பேனாவால் மேலே எழுதியிருந்தார். இப்படித் திருத்தி எழுதியதை எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளுமே என்று நான் கவலைப்பட்டது நினைவிருக்கிறது. கவலைப்பட வேண்டியது அதைப் பற்றி இல்லை என்று அப்போது தெரியவில்லை. அவர் அனுமதியோடு முக்கியமான பக்கங்களை நகலெடுத்துக் கோப்பில் வைத்தேன். போனிலும் சில படங்கள் எடுத்துக்கொண்டேன்.

விசாரணைக்குக் கொஞ்ச நாள் முன்பு காண்ட்ராக்டரின் ஆள் அந்த அக்காவை மட்டும் தனியாகப் பார்த்திருக்கிறார். பாக்கிச் சம்பளம் முழுதும் ஒரே தவணையில் தருவார்கள், வேலையும் தொடரும். மனுவிலிருந்து கையெழுத்தை வாபஸ் வாங்க வேண்டும், நோட்டைக் கொடுத்துவிட வேண்டும். மறுநாளே என்னிடம் வந்தார்.

“நோட்டைக் கேக்குறாங்க மேடம். குடுத்துடலாம்னு இருக்கேன். உங்ககிட்ட இருக்கற ஜெராக்ஸையும் குடுத்துடுங்க.”

“மத்தவங்கக்கா?” என்றேன். அதைக் கேட்காமல் இருந்திருக்கலாமோ என்று ஒரு நாள் தோன்றும். இன்னொரு நாள், அதோடு ஏன் நிறுத்தினேன் என்று தோன்றும்.

“அவங்களை நெனச்சுத்தான் இத்தனை நாள் தாங்குனேன். வாடகை பாக்கிக்கு சாமானை வெளிய எடுத்து வெச்சிடுவேன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டாரு. நீங்களே சொல்லுங்க, நீங்க என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க?”

“நான் உங்க இடத்துல இல்லையேக்கா” என்றேன்.

இந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்க்கிறேன். அது பொய் இல்லை. என் வாடகைக்கு எந்த ஆபத்தும் இல்லை. எந்த முடிவு எடுத்தாலும் அதன் விலையைக் கொடுக்கப்போவது அவர்தான், நான் இல்லை. உதவி கேட்டு வருபவரின் முடிவை நாம் எடுக்கக்கூடாது என்றுதான் படித்தேன், அதைத்தான் பயிற்சிக்கு வருபவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். பிறகு அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பணம் கைக்கு வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள், வாய்ப்பேச்சை நம்பாமல் எழுதி வாங்குங்கள், நீங்கள் விலகினால் மற்றவர்களின் மனு பலவீனமாகும், விலகாமல் இருந்தாலும் ஜெயிப்போம் என்று என்னால் உறுதி தர முடியாது. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நகல்களைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தார். “வேற எங்கயும் இல்லைல்ல?” என்றார். போனில் இருந்த படங்களை அவர் கண் எதிரிலேயே அழித்தேன்.

அவருக்குப் பணம் வந்தது. மற்றவர்களின் விசாரணையில் காண்ட்ராக்டரின் பதிவேடு மட்டுமே மேஜைமேல் இருந்தது. கேட்டதில் சிறு பகுதிக்குச் சமரசம் ஆனது. வெளியே வந்ததும் அவர்களில் வயதில் சின்னவள் என்னிடம் கேட்டாள்:

“அந்த நோட்டுல எங்க நேரமும்தானே மேடம் எழுதியிருந்துச்சு?”

பதில் சொன்னேன். நோட்டு அவருடையது, அவர் அனுமதி இல்லாமல் பயன்படுத்த முடியாது என்று. அவள் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அவள் கேட்டது அதை இல்லை. கூட வேலை செய்தவர்கள் யார் யார் என்று அந்தப் பக்கங்களில் பெயரோடு இருந்தது. அவர்களின் உழைப்பின் கணக்கும் அதற்குள் இருந்தது. அதை ஒருவருடைய தனிச்சொத்தாக மட்டும் எப்படிப் பார்த்தேன்?

உலகச் சமூகப் பணியாளர் கூட்டமைப்பு 2018-இல் வெளியிட்ட அறநெறிக் கோட்பாடுகளை அதற்கப்புறம் மறுபடி எடுத்துப் படித்தேன். மூன்றாவது கோட்பாடு சமூக நீதியை முன்னெடுக்கச் சொல்கிறது. நான்காவது, தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கும் உரிமை. ஆறாவது, அந்தரங்கம் காப்பது. வகுப்பில் வரிசையாகச் சொல்லும்போது ஒன்றோடொன்று இசைவாகத்தான் ஒலிக்கும். என் மேஜையில் நான்காவதும் ஆறாவதும் ஒரு பக்கம் நின்றன, மூன்றாவது எதிர்ப்பக்கம் நின்றது. எது முந்தியது என்று அந்த ஆவணம் எனக்காகத் தீர்த்துவைக்கவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. தீர்த்துவைத்திருந்தால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றியிருப்பேன், அது இன்னும் மோசமாகியிருக்கலாம்.

அப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. மக்களுக்கு எது நல்லது என்று நாங்கள் அவர்களைவிட நன்றாக அறிவோம் என்று எங்கள் தொழில் நம்பிய காலங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிக் குழந்தைகளைத் தாய்தகப்பனிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனதில் நலத்துறை அதிகாரிகளுக்கும் பங்கு இருந்தது. குழந்தையின் எதிர்காலத்துக்காக என்று மனதாரச் சொன்னவர்களும் அதில் இருந்தார்கள். 1997-இல் தேசிய விசாரணை அறிக்கை வந்தது. 2008 பிப்ரவரியில் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பிரிக்கப்பட்ட பலருக்கு அதற்குள் ஆயுளே முடிந்துபோயிருந்தது. ஒருவரின் விருப்பத்தைத் தாண்டி, பெரிய நன்மைக்காக என்று கை நீட்டும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். அன்றைக்கும் வந்தது. அந்த அக்காவை மீறி நகல்களை வைத்துக்கொண்டிருந்தால், அவருடைய வேலை போயிருந்தால், மற்றவர்களின் நன்மைக்காக என்று நான் சொல்லியிருப்பதும் அதே குரல்தான்.

ஆனால் எங்கள் வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். சமூகப் பணியின் முன்னோடியான ஜேன் ஆடம்ஸ் 1889-இல் சிகாகோவின் ஏழைத் தொழிலாளர்கள் நடுவே தொடங்கிய ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தில், தொழிலாளர் உரிமைக்காகப் போராடிய ஃப்ளோரன்ஸ் கெல்லி தங்கியிருந்தார். அவரும் கூட இருந்தவர்களும் சுற்றுவட்டார வீடுகளுக்குப் போய் யார் எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள், குடும்பத்துக்கு வாரத்துக்கு என்ன வருமானம் என்று கேட்டு எழுதினார்கள். 1895-இல் அதை வண்ண வரைபடங்களாக அச்சிட்டார்கள். எந்தத் தெருவில் எந்த வீட்டில் எவ்வளவு கூலி என்று நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஏழ்மை என்பது தனிமனிதரின் சோம்பலால் வருவதல்ல, கூலியால் வருவது என்று கண்ணுக்கு எதிரே காட்டிய வேலை அது. இல்லினாய் மாநிலத்தில் பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை என்று 1893-இல் சட்டம் வந்ததற்குப் பின்னாலும் கெல்லியின் இப்படிப்பட்ட விசாரணைகள்தான் இருந்தன. அந்த எட்டு மணி நேரப் பகுதியை மாநில உச்ச நீதிமன்றம் 1895-இல் ரத்து செய்தது, அது வேறு கதை. வரைபடத்தை முன்பெல்லாம் வியந்து பார்ப்பேன். இப்போது வேறு கேள்வி வருகிறது. தங்கள் கூலி நிறமாகி அச்சில் வரும் என்று அந்த வீட்டுப் பெண்களுக்குச் சொன்னார்களா? நடுவில் ஒருத்தி வந்து என் வீட்டை எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருந்தால் எடுத்திருப்பார்களா? எடுத்திருந்தால், அடுத்தவளும் அதற்கடுத்தவளும் கேட்டிருந்தால், அந்த வரைபடம் என்ன ஆகியிருக்கும்?

எங்கள் மூத்த சகா ஒருவர் இதில் குழப்பமே இல்லை என்கிறார். “நாம யூனியன் இல்லம்மா. வந்தவங்களுக்கு வேலை செஞ்சோம், அவங்களுக்கு நல்லது நடந்துச்சு, முடிஞ்சுது.” நான் மதிக்கும் மனிதர், நாற்பது ஆண்டாகக் களத்தில் நிற்பவர். இருந்தாலும் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2014-இல் மெல்போர்னில் ஏற்றுக்கொண்ட, சமூகப் பணிக்கான உலகளாவிய வரையறை சமூக மாற்றத்தையும் மக்களின் விடுதலையையும் எங்கள் வேலை என்றே சொல்கிறது. கூட்டுப் பொறுப்பையும் அடிப்படைகளில் ஒன்றாக வைக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நல்லது நடந்தும் மொத்தத்தில் எதுவும் மாறாமல் போகலாம் என்பதை அந்த விசாரணை அறைக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒருவருக்கு முழுத்தொகை கொடுத்து மற்ற எல்லோருக்கும் மிச்சம் பிடிப்பது காண்ட்ராக்டருக்கு லாபக் கணக்கு. அந்தக் கணக்கு தடையில்லாமல் நடக்க என் நேர்மையும் உதவியது.

நியாயமான ஊதியம் ஒவ்வொருவரின் உரிமை என்று மனித உரிமைப் பிரகடனத்தின் 23-வது பிரிவு 1948-இலேயே சொல்லிவிட்டது. கூலியை ஒழுங்காக, நேரடியாகத் தொழிலாளியின் கையில் கொடுக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 95-வது உடன்படிக்கை அடுத்த ஆண்டே வந்தது. இவ்வளவும் இருந்தும், இத்தனை பெண்களுக்கும் காண்ட்ராக்டருக்கும் நடுவில் இருந்தது ஒரு பென்சில் கணக்கு மட்டும்தான்.

அந்த அக்கா எடுத்தது சுதந்திரமான முடிவா என்பதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. அவர் முடிவை மதித்தேன் என்கிறேன். சாமான் தெருவுக்கு வரும் என்ற பயத்தில் எடுத்த முடிவு அது. வாடகை பாக்கி இல்லாமல் இருந்திருந்தால் அவர் விலகியிருக்க மாட்டார், இதைப் பணம் வாங்கியபின் அவரே சொன்னார். எங்களிடம் அவசர உதவி நிதி உண்டு. வழக்கு நிலுவையில் இருப்பவர்களுக்கு அதிலிருந்து கொடுக்கக்கூடாது என்று விதி. ஏன் அப்படி ஒரு விதி என்று கேட்டேன். நடுநிலை கெடும் என்றார்கள். வாடகை கொடுக்க வழியில்லாதவரிடம் ‘நீங்களே தீர்மானியுங்கள்’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வதில் என்ன நடுநிலை இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அன்றைக்கு நான் சண்டை போட்டிருக்க வேண்டியது அந்த விதியோடு. நேரமும் இல்லை, என் கையில் அதிகாரமும் இல்லை. இது சமாதானமா, உண்மையா என்றால் இரண்டும்தான்.

ஒவ்வொரு நாட்டிலும் அடிப்படை வருமானப் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2012-இல் பரிந்துரைத்தபோது, ஏழைகளுக்கான உதவி என்ற அளவில்தான் அதைப் படித்தேன். இப்போது வேறு மாதிரி தெரிகிறது. மாதக் கடைசியில் வீடு போகாது என்ற நிச்சயம் இருப்பவரால்தான் முதலாளியிடம் முடியாது என்று சொல்ல முடியும், பக்கத்தில் நிற்பவளுக்காக ஒரு கையெழுத்தை விட்டுவைக்க முடியும். 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 380 கோடிப் பேருக்கு எந்தச் சமூகப் பாதுகாப்பும் கிடையாது. அத்தனை பேரிடமும் நாங்கள் தன்னுரிமை பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். பேசத்தான் வேண்டும். அது மட்டும் போதுமா என்பதுதான் என் கேள்வி.

இந்த விஷயத்துக்கு அப்புறம் அலுவலகத்தில் ஒரு படிவம் கொண்டுவந்தோம், எழுதியது நான். யாரிடமாவது ஆவணத்தின் நகல் வாங்கும்போதே கேட்டுவிடுகிறோம்: நடுவில் நீங்கள் விலக நேர்ந்தால், உங்கள் பெயரை மறைத்துவிட்டு, மற்றவர்களுக்காக இதைப் பயன்படுத்தலாமா? முடிவு முன்கூட்டியே அவர்கள் கையில் இருக்கட்டும், நெருக்கடி வந்தபிறகு கேட்க வேண்டாம் என்ற எண்ணம்தான். கூட்டத்தில் இது நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் சொன்னார்கள்.

நடைமுறையில் அந்தக் கேள்வியே பலரைத் தயங்கவைக்கிறது. விலக வேண்டி வரும் என்று இப்போதே நினைக்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார். ‘கூடாது’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கிறவர்கள்தான் அதிகம். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. “இன்னொரு தடவை யோசிங்கக்கா, இதுல மத்தவங்க கணக்கும் இருக்கு” என்கிறேன். சிலர் மாற்றிக் கொடுக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் இதைக் கவனித்துவிட்டு, “இது நெருக்கடி குடுக்கறது இல்லையா மேடம்?” என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். அதற்குப் பிறகும் அப்படிச் சொல்வதை நான் நிறுத்தவில்லை.