துணுக்கைப் பகிரும் முன் மேல் ஓரத்தைப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் தேர்தல் நெருங்கினால் பத்திரிகைத் துணுக்குப் படங்கள் குவியும். நாளிதழின் பெயரும் தேதியும் வெட்டப்பட்டிருந்தால் தயவுசெய்து பகிராதீர்கள். 'தமிழ் நேசன்' நாளிதழ் 2019 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. அதன் பெயரில் 'இன்றைய செய்தி' வந்தால் அது பழையது அல்லது போலி. பழையதுதான் அதிக ஆபத்து. ஒரு காலத்தில் உண்மையாக இருந்ததால் பெரியவர்களுக்குச் சந்தேகமே வராது.

அடுத்து, செய்தியின் வினைச்சொற்கள். எல்லா வரியும் 'என்றார்', 'என உறுதியளித்தார்' என்றே முடிந்தால், நிருபர் நேரில் பார்த்த எதுவும் அதில் இல்லை. கட்சி அனுப்பிய அறிக்கை அப்படியே அச்சாகியிருக்கலாம். உதாரணமாக, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர் வந்ததா என்று அங்கே குடியிருப்பவரிடம் கேட்ட வரி ஒன்றாவது இருக்கிறதா?

இன்னொன்று: 1984 அச்சகச் சட்டப்படி நாளிதழுக்கு உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் விதி 2012இல் நீக்கப்பட்டது. ஆனால் உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரம் அதன் பிறகும் அமைச்சரிடமே இருந்தது. ஆசிரியர்கள் சில செய்திகளை அடக்கி வாசிப்பதற்கு இதுவும் காரணம்.

'உங்கள் வாக்குச்சாவடி மாறிவிட்டது' என்று குரல்பதிவு வந்தால், அடையாள அட்டை எண்ணை வைத்துத் தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் செமாக் (MySPR Semak) தளத்தில் பாருங்கள். கைபேசி பழகாத பாட்டிக்கும் பார்த்துச் சொல்லுங்கள்.