1890 எல்லைக்கோட்டைக் கணினியில் மறுபடி வரைவது: தரவு, படிகள், இடறும் இடங்கள்

அமெரிக்கக் குடியேற்ற எல்லை, அதாவது குடியேறிய நிலம் முடிந்து ஆளில்லாத நிலம் தொடங்கும் விளிம்பு, முடிந்துவிட்டது என்ற பேச்சு ஒரு வரைபடத்தில் இருந்து வந்தது. 1880 வரை ஒரு எல்லைக்கோடு இருந்தது என்றும், ஆளில்லாத நிலத்துக்குள் இப்போது ஆங்காங்கே குடியிருப்புகள் புகுந்துவிட்டதால் கோடு என்று ஒன்றைக் காட்டுவதே கடினம் என்றும் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கண்காணிப்பாளர் ராபர்ட் போர்ட்டர் ஒரு சிற்றறிக்கையில் எழுதினார். 1893 ஜூலை 12 அன்று சிகாகோவில் வரலாற்றாசிரியர் ஃபிரெடெரிக் ஜாக்சன் டர்னர் அந்த வரிகளை எடுத்துக்காட்டித்தான் தன் புகழ்பெற்ற கட்டுரையைத் தொடங்கினார். அமெரிக்க மக்களாட்சி அந்த விளிம்பில்தான் உருவானது என்ற அவர் வாதம் சரியா தவறா என்பது தனிக் கச்சேரி. கோட்டை மட்டும் வீட்டுக் கணினியில் போட்டுப் பார்த்துவிடலாம், செலவில்லாமல்.

அளவுகோல் எளிது. சதுர மைலுக்கு 2 பேருக்குக் குறைவாக இருந்தால் குடியேறாத நிலம். அதற்கு மேல் அன்றைய அச்சு வரைபடங்களில் இருந்த வகுப்புகள் 2–6, 6–18, 18–45, 45–90, 90-க்கு மேல். இதே வகுப்புகளை வைத்துக்கொள்வது நல்லது. மென்பொருள் தானாகப் பிரித்துத் தரும் வகுப்புகளில் 2 என்ற வரம்பு எங்கோ நடுவில் காணாமல் போய்விடும்.

தரவு மினசோட்டா பல்கலைக்கழகத்தின் என்ஹெச்ஜிஐஎஸ் என்ற வரலாற்றுக் கணக்கெடுப்புத் தரவு இணையதளத்தில் கிடைக்கிறது. பதிவு செய்தால் இலவசம். ஒவ்வொரு கணக்கெடுப்பு ஆண்டுக்கும் கவுண்டி (மாநிலத்தின் உட்பிரிவு) வாரியான மொத்த மக்கள்தொகை அட்டவணை ஒன்று, கவுண்டி எல்லைக் கோப்பு ஒன்று என இரண்டையும் இறக்கவேண்டும். 1890 தரவு எரிந்துபோனதே என்று சிலர் தயங்குகிறார்கள். 1921 வாஷிங்டன் தீவிபத்திலும் அதன் பின்விளைவாகவும் அழிந்தவை வீட்டுவாரிப் படிவங்கள். அச்சேறிய கவுண்டித் தொகைகள் பத்திரமாக இருக்கின்றன.

அட்டவணையைக் கேட்கும்போது 'விளக்கத் தலைப்பு வரி' என்ற கூடுதல் தேர்வை எடுத்துவிடவேண்டும். அது இருந்தால் எண்களுக்கு மேலே இரண்டாவதாக ஒரு சொல்வரி வந்து உட்காரும். க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் மொத்தப் பத்தியையும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். பிறகு வகுப்புப் பிரிக்கும் இடத்தில் அந்தப் பத்தியின் பெயரே தெரியாது. அட்டவணையையும் எல்லைக் கோப்பையும் இணைக்கும் திறவுகோல் ஜிஐஎஸ்ஜாயின் என்ற பத்தி.

அடுத்தது பரப்பு. எல்லைக் கோப்பு ஆல்பர்ஸ் சமபரப்புத் தளத்தில் (உருண்டைப் பூமியைப் பரப்பு மாறாமல் தட்டையாக விரிக்கும் முறை; குறியீடு ஈஎஸ்ஆர்ஐ 102003) வருகிறது. அதை மாற்றாமல் சதுர மீட்டரை 25,89,988-ஆல் வகுத்தால் சதுர மைல். பின்னணிக்கு இணைய வரைபடம் பொருந்தவேண்டும் என்று கோப்பையே இணைய வரைபடங்களின் தளமான வெப் மெர்கேட்டருக்கு மாற்றிவிட்டுத் தட்டைப் பரப்பு எடுத்தால் கணக்கு கவிழும். அந்தத் தளத்தில் பரப்பு வடக்கே போகப் போக ஊதுகிறது: 30 பாகையில் 1.33 மடங்கு, 45 பாகையில் 2 மடங்கு, மொன்டானாவின் வடபகுதியான 48 பாகையில் 2.2 மடங்கு. சதுர மைலுக்கு 4 பேர் இருக்கும் கவுண்டி 1.8 என்று காட்டும். எல்லைக்கோடு ஒரு மாநிலத்தையே விழுங்கிவிடும். டாலர் குறியோடு தொடங்கும் ஏரியாச் சார்பு கோள வளைவைக் கணக்கில் எடுப்பதால் தப்பிக்கும்; குறியில்லாத சார்பு தப்பிக்காது.

பெரிய தலைவலி கவுண்டியின் அளவு. கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ கவுண்டியில் 1890-இல் 25,497 பேர். பரப்போ 20,000 சதுர மைலுக்கு மேல். அடர்த்தி 1.3-ஐக்கூட எட்டவில்லை. ஆரஞ்சுத் தோட்டங்களோடு செழித்திருந்த ரிவர்சைடு நகரம் அப்போது இந்தக் கவுண்டியில்தான் இருந்தது. பாலைவனத்தோடு சேர்த்து வகுத்ததில் அதுவும் 'குடியேறாத நிலம்' ஆகிவிடுகிறது. கிழக்கே இதற்கு நேர் எதிர். மெய்ன் மாநிலத்தின் அரூஸ்டுக் கவுண்டியில் 49,589 பேர், அடர்த்தி சுமார் 7. ஆனால் மக்கள் கிழக்கு ஓரத்து ஆற்றங்கரையில். மேற்கே கிடப்பது வெறும் காடு. அன்றைய கணக்கெடுப்பு அலுவலக வரைபடத்தில் அந்தக் காடு வெற்றிடமாகவே இருக்கிறது. கவுண்டிச் சராசரி அதை அழித்துவிடும்.

அலுவலகத்தார் இதைத் தெரிந்தே வைத்திருந்தார்கள். பெரிய கவுண்டிகளைத் துண்டுபோட்டார்கள். 8,000 பேருக்கு மேற்பட்ட நகரங்களைத் தனியே எடுத்துவிட்டு மீதியை வகுத்தார்கள். நகரத்தை ஏன் எடுக்கவேண்டும் என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 2 பேர் என்ற வரம்பில் 8,000 பேர் 4,000 சதுர மைலைக் 'குடியேறியது' ஆக்கிவிடுவார்கள். அதாவது ஏறத்தாழ 36 மைல் ஆரமுள்ள வட்டம். மேற்கின் மிகப்பெரிய கவுண்டிகளுக்கு மட்டுமாவது இந்தத் திருத்தத்தைக் கையால் செய்வது பலன் தரும்: அச்சு அட்டவணையின் சிற்றூர்ப் பிரிவுத் தொகைகளைப் புள்ளிகளாக வைத்து, ஆளுள்ள மூலையைத் தனிப் பலகோணமாக வெட்டுவது. எல்லாக் கவுண்டிக்கும் செய்ய உட்கார்ந்தால் வேலை முடியாது.

இனிக் கோடு. 2 அல்லது அதற்கு மேல் உள்ள கவுண்டிகளைத் தேர்ந்தெடுத்து டிஸ்ஸால்வ் (உள் எல்லைகளை அழித்து ஒன்றாக்குவது). பிறகு 25 கிலோமீட்டர் வெளியே பஃபர் (ஓரத்தைத் தள்ளி வரைவது), அதே 25 உள்ளே. 50 கிலோமீட்டருக்குக் குறைந்த இடுக்குகள் மூடிக்கொள்ளும். கவுண்டிகளின் படிக்கட்டு ஓரம் ஓரளவு சமனாகும். பிறகு மல்டிபார்ட்டை (பல துண்டுள்ள ஒரே வடிவத்தை) சிங்கிள்பார்ட்டாக (தனித்தனித் துண்டுகளாக) பிரித்தால் கிழக்கின் பெரிய உடலும் மேற்கின் தீவுகளும் தனித்தனியாக நிற்கும்.

முடிவு எப்படி வரும் என்பதைத் தீர்மானிக்கும் இடம் இதுதான். தீவுகளையும் ஓட்டைகளையும் நீக்கிவிட்டால் 1880, 1890 இரண்டிலும் பெரிய உடலுக்கு மேற்கே ஒரு விளிம்பு அழகாக ஓடுகிறது. வைத்துக்கொண்டால் இரண்டிலும் சிதறல். 1880-லேயே கொலராடோ மலையடிவாரம், யூட்டா, மேல் ரியோ கிராண்டே, கலிபோர்னியா, ஒரெகன் எல்லாம் தனித் தீவுகள். இன்னும் பின்னால் போய் 1850 படத்தைப் பார்த்தால் நியூ மெக்சிகோவும் யூட்டாவும் அப்போதே இருக்கின்றன. அதிலும் நியூ மெக்சிகோக் குடியிருப்பு தெற்கிலிருந்து ஸ்பானியர்கள் 1598 முதல் வந்து அமைத்தது; கிழக்கிலிருந்து நகர்ந்த எந்தக் கோட்டுக்கும் அதில் பங்கில்லை. 1890-இல் மாறியது என்னவோ உண்மைதான்: கன்சாஸ், நெப்ராஸ்காவின் மேற்குப் பகுதிகளில் பெரும்பாலானவை 2-ஐத் தாண்டி, கொலராடோவோடு இருந்த இடைவெளி சுருங்கியது. நெப்ராஸ்கா மணற்குன்றுகள் ஓட்டையாக மிஞ்சின. இது படிப்படியான மாற்றம். 'இருந்தது, இல்லை' என்று வெட்டிச் சொல்லும் அளவுக்குப் படத்தில் ஒன்றுமில்லை. தென்கோடியில் ஃபுளோரிடாவின் டேட் கவுண்டியில் அந்த ஆண்டு மொத்தமே 861 பேர். அது யாருடைய எல்லைக் கதையிலும் வருவதில்லை.

வெற்றுக் கட்டங்களில் கவனம் அதிகம் வேண்டும். 1880 படத்தில் பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய இந்தியன் டெரிட்டரிக்கு (இன்றைய ஒக்லஹோமாப் பகுதி) எண் கிடையாது. செரோக்கி, சாக்டா, சிக்கசா, கிரீக், செமினோல் மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். வரிக்குட்படாத பூர்வகுடிகளைப் பொதுக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது அன்றைய விதி. சூத்திரம் பிழை காட்டுகிறதே என்று வெற்றிடத்தைப் பூஜ்யமாக மாற்றினால், எண்ணப்படாத மக்கள் இல்லாத மக்கள் ஆகிவிடுவார்கள். மாற்றாமல் விட்டாலும் வெள்ளைத் தாளில் அதுவும் வெள்ளை, மிகக் குறைந்த வகுப்பும் வெள்ளை என்றால் பார்ப்பவருக்கு ஒன்றுதான். ஆகவே குறைந்த வகுப்புக்கு மங்கிய மஞ்சள், வெற்றிடத்துக்குச் சாய்கோடு. 1890-இல் பூர்வகுடிகளை எண்ணினார்கள், 2,48,253 பேர். ஆனால் டர்னர் காலத்து மொத்தமான 6,26,22,250-இல் இந்தியன் டெரிட்டரி மக்களும் ஒதுக்கிடங்களில் இருந்தவர்களும் சேரவில்லை. அதனால் சிற்றறிக்கையின் படத்தோடு ஒப்பிடும்போது எந்த மொத்தம் பயன்பட்டது என்பதை ஓரத்தில் குறித்துவைக்கவேண்டும்.

1850 முதல் 1890 வரை ஐந்து அடுக்குகளும் இந்த முறையில் ஒழுங்காக வருகின்றன. 1790–1840-க்கும் இதே படிகள்தான். நிலப்பகுதி சிறியது என்பதால் வேகமாகப் போகும். 2020-ஐயும் மேலே போட்டால் சுவாரசியம்: நெவாடாவின் எஸ்மரால்டா கவுண்டியில் 729 பேர், டெக்சஸின் லவிங் கவுண்டியில் 64 பேர். தனியுரிமைக்காக 2020 எண்களில் சிறு கலப்படம் செய்திருப்பதால் 64-ஐ அப்படியே நம்பவேண்டாம்; கவுண்டித் தொகையும் அதற்கு விலக்கல்ல. வகுப்புக்கு அதனால் ஆபத்தில்லை: லவிங்கின் 677 சதுர மைல் 1890 வரம்பைத் தொட 1,354 பேர் வேண்டும்.