நெட் தேர்வுக்குக் குற்றவியல் படிப்பவர்களுக்கு: சிறைத் திருத்தப் பகுதியைப் பிடிக்க ஒரு வழி

அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் முடித்துவிட்டு நெட் எழுதப் போகிற தம்பி தங்கச்சிகள் அடிக்கடி கேட்பது இதுதான்: நன்னடத்தை (அதாவது ப்ரொபேஷன், குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் நிபந்தனையோடு வெளியே விடுவது), பரோல், மறுவாழ்வு எல்லாம் ஒன்றோடொன்று குழம்புகிறதே, எப்படிப் படிக்க? ஜெராக்ஸ் நோட்ஸில் ஆளுக்கு ஒரு வரி, ஒரு வருஷம் என்று படித்தால் குழம்பத்தான் செய்யும். நான் ஜோன் பீட்டர்சீலியா என்ற ஒரே ஆளின் வேலையை முதலிலிருந்து வரிசையாகப் படித்தேன், பாதிப் பாடம் அதிலேயே ஒழுங்குக்கு வந்துவிட்டது.

அமெரிக்கர், 1951-இல் பிறந்தவர், ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர். 1985-இல் வந்த அவருடைய ஆய்வை விரிவாகப் பாருங்கள். கலிபோர்னியாவில் கடுங்குற்றம் செய்தும் நன்னடத்தையில் விடப்பட்ட 1,672 பேரை 40 மாதம் பின்தொடர்ந்ததில் 65 சதவீதம் பேர் மறுபடி கைதானார்கள். சரி, கண்காணிப்பை இறுக்கினால் போதுமா? அதையும் சக ஆய்வாளர் சூசன் டர்னரோடு சேர்ந்து 14 இடங்களில் சோதித்தார், யாருக்குத் தீவிரக் கண்காணிப்பு, யாருக்கு வழக்கமான முறை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்து. புதுக் குற்றம் குறையவில்லை. அலுவலரைப் பார்க்க வராதது, போதைப் பரிசோதனையில் மாட்டுவது போன்ற நிபந்தனை மீறல்கள்தான் அதிகம் பிடிபட்டன, அதனால் சிறைக்குத் திரும்பியவர்களும் கூடினார்கள். கண்காணிப்போடு சிகிச்சையும் சேர்ந்து கிடைத்தவர்களிடம் மட்டும் மறுகைது குறைவாக இருந்தது. நோட்ஸ்காரர்கள் விட்டுவிடுவது இந்தக் கடைசி வரியைத்தான்!

1990-இல் அமெரிக்கக் குற்றவியல் சங்கத் தலைவர். டாக்டர் பட்டமும் அதே வருஷம்தான் வாங்கினார் என்பது எனக்குப் பிடித்த தகவல். 2014-இல் டேனியல் நேகின் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து குற்றவியலுக்கான ஸ்டாக்ஹோம் பரிசு. நாமெல்லாம் பாளையங்கோட்டை மத்திய சிறையைப் பஸ்ஸிலிருந்து பார்த்தே வளர்ந்தவர்கள், ஆனால் அங்கிருந்து வெளியே வருகிறவருக்கு வேலை யார் கொடுப்பார், வீடு யார் கொடுப்பார் என்று யோசித்திருப்போமா? பீட்டர்சீலியாவின் 2003 புத்தகம் முழுக்க அந்தக் கேள்விதான்.

அப்புறம், ஒவ்வொன்றையும் நம் சட்டத்தோடு கோத்துக்கொள்ளுங்கள். 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தில் பிரிவு 3 கண்டித்து விடுவது, பிரிவு 4 பிணைப்பத்திரம் வாங்கி விடுவது, பிரிவு 6 இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. நன்னடத்தை அலுவலர் வருவது பிரிவு 4-ன் கண்காணிப்பு உத்தரவில். பீட்டர்சீலியாவின் ஆய்வைப் படித்திருந்தால் அந்த உட்பிரிவு தானாக நினைவில் நிற்கும். இரண்டாம் தாளில் 100 கேள்வி, நெகட்டிவ் மார்க் கிடையாது, அதனால் எதையும் விடாதீர்கள். பொருத்துக கேள்விகளில் ஆய்வாளர் பெயரைவிட அவர் கண்டுபிடித்தது என்ன என்பதை வைத்து முதலில் தவறான விடைகளை அடியுங்கள், நேரம் மிச்சம்.