பக்கத்துக்குப் பக்கம் நம்ப வைக்கும் பொய்: தெல்ஃபின் தெ விகானின் நாவல் எப்படி வேலை செய்கிறது

பிரெஞ்சு எழுத்தாளர் தெல்ஃபின் தெ விகான் 2011இல் தன் அம்மாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மனநோயோடு போராடி, கடைசியில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட அம்மா. புத்தகம் பிரான்சில் பெரிய வெற்றி. நான்கு வருடம் கழித்து, 2015இல், அவரே ஒரு உளவியல் திகில் நாவல் எழுதி வெளியிட்டார். தலைப்பே 'ஓர் உண்மைக் கதையை ஆதாரமாகக் கொண்டது'. அந்த ஆண்டு பிரான்சின் முக்கிய இலக்கிய விருதுகளில் ஒன்றான ரெனோதோ விருது அதற்குத்தான். முடிச்சுகளை அவிழ்த்துத்தான் பேசப்போகிறேன். படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

கதைசொல்லியின் பெயரும் தெல்ஃபின். அவளும் அம்மாவைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றவள். புகழோடு கையெழுத்தில்லாத கடிதங்களும் வருகின்றன: அம்மாவை விற்றுக் காசாக்கிவிட்டாய் என்று. பழிவாங்கல் இங்கேதான் முளைவிடுகிறது, கத்தியோடு அல்ல, தபாலில். துக்கத்தை எழுதியவளுக்கு அதற்கான தண்டனை வீடு தேடி வருகிறது. அந்த நேரத்தில் ஒரு விருந்தில் 'எல்' என்ற பெண் அறிமுகமாகிறாள். பிரபலங்களின் சுயசரிதைகளை அவர்கள் பெயரில் எழுதிக்கொடுப்பது அவள் தொழில். நாவலின் மூன்று பகுதிகளுக்கு வசீகரம், மனச்சோர்வு, துரோகம் என்று பெயர். கதை போகும் திசையை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். அப்படியும் பதற்றம் குறைவதில்லை.

ஏன் குறைவதில்லை? பிரெஞ்சு இலக்கியக் கோட்பாட்டாளர் பிலிப் லெஜன் 1975இல் 'சுயசரிதை ஒப்பந்தம்' என்று ஒன்றை விளக்கினார். ஆசிரியர், கதைசொல்லி, பாத்திரம் மூவருக்கும் ஒரே பெயர் என்றால் வாசகர் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வார். 1977இல் பிரெஞ்சு எழுத்தாளர் செர்ஜ் துப்ரோவ்ஸ்கி அந்தப் பெயர் ஒற்றுமையை வைத்துக்கொண்டே அட்டையில் 'நாவல்' என்று போட்டு, அதை ஆட்டோஃபிக்‌ஷன் என்றார். சாரு நிவேதிதாவை வாசிப்பவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. தெ விகான் அதற்கு மேலும் ஒரு படி போகிறார்: அந்த ஒப்பந்தத்தையே திகிலுக்கு எரிபொருளாக்குகிறார்.

சரிபார்க்கக்கூடிய உண்மைகளை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். எல்லாம் சாதாரண இடங்களில். இரண்டு பிள்ளைகள், முந்தைய புத்தகம், அமெரிக்க எழுத்தாளர்களைத் தேடிப் பயணம் போகும் ஃபிரான்சுவா என்ற துணைவர். நிஜத்திலும் அவருடைய துணைவர் அப்போது இலக்கியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திவந்த ஃபிரான்சுவா புஸ்னெல்தான். இதையெல்லாம் யாரும் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். சரிபார்க்கவே முடியாதவை அனைத்தும் இருவர் மட்டும் இருக்கும் அறைக்குள் நடக்கின்றன. எல் என்பவளைத் தெல்ஃபினைத் தவிர வேறு யாரும் சந்திப்பதில்லை. எழுதிப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்து கெடுத்துக்கொள்கிறார்கள்: அந்தரங்கக் காட்சியில் நிஜத்தைக் கொட்டிவிட்டு, ஊர், வேலை, தெரு போன்றவற்றைக் கற்பனையில் மேலோட்டமாக வைக்கிறார்கள். வாசகர் முதல் அத்தியாயத்திலேயே நம்புவதை விட்டுவிடுவார்.

அடுத்து, ஆளைத் தனிமைப்படுத்தும் விதம். எல் முதலில் பாராட்டுகிறாள், காது கொடுக்கிறாள். தெல்ஃபினுக்குப் பேனா பிடிக்க முடியாமல் போகிறது, கணினியைத் திறந்தாலே உடம்பு மறுக்கிறது. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எல் அவளுடைய மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுகிறாள். எழுத வேண்டியிருப்பதால் யாரும் தொடர்புகொள்ள வேண்டாம் என்று அவள் பெயரிலேயே நண்பர்கள் அனைவருக்கும் செய்தி போகிறது. பிறகு கால் முறிகிறது. ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் இருவர் மட்டும். ஒவ்வொரு அடியும் உதவி என்ற பெயரில் நடக்கிறது. எந்த அடியிலும் கதவு பூட்டப்படுவதில்லை. வில்லியை முதல் சந்திப்பிலேயே பயங்கரமாகக் காட்டும் நாவல்கள் தோற்பது இந்த இடத்தில்தான். 'ஏன் இவள் ஓடவில்லை' என்று வாசகர் கேட்டுவிட்டால் பிறகு அவரைப் பிடித்து நிறுத்த வழியில்லை.

துக்கத்தையும் கவனிக்க வேண்டும். அம்மாவுக்காக அழும் காட்சிகளை அவர் அடுக்குவதில்லை. இழப்பு உடம்பில் தெரிகிறது: நடுங்கும் கை, திறக்க முடியாத கோப்பு. எல் ஓயாமல் கேட்பது ஒன்றுதான்: கற்பனையை விடு, உண்மையை எழுது, இன்னும் ஆழமாகத் தோண்டு. அது தெல்ஃபினின் குற்றவுணர்வே பேசுவது போல இருக்கிறது.

எல் நிஜமா, மனத்தின் படைப்பா? நாவல் இரண்டில் எதையும் கைவிடுவதில்லை. எல் தன் வாழ்க்கை என்று சொன்ன கதைகளெல்லாம் தெல்ஃபினின் அலமாரிப் புத்தகங்களிலிருந்து வந்தவை என்று பின்னால் தெரிகிறது. தெல்ஃபின் தான் எழுதவில்லை என்று நினைக்கும் ஒரு கையெழுத்துப் பிரதிக்காகப் பதிப்பாளர் அவளைப் பாராட்டுகிறார். எல் நிஜமென்றால் அவள் எழுதி அனுப்பியது. இல்லையென்றால் தெல்ஃபினே எழுதி மறந்தது. இரண்டு வழியிலும் அனுப்பியவர் பெயர் ஒன்றுதான். இப்படி எழுத நினைப்பவர்கள் ஒரு தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு காட்சிக்கும் இரு விளக்கங்களையும் எழுதிப் பாருங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்தக் காட்சியைத் திருத்தியே ஆக வேண்டும். கடைசிப் பக்கத்தில் "எல்லாம் அவள் கற்பனை" என்று உறுதிசெய்தால் முந்நூறு பக்க உழைப்பும் வீண்.

நிஜக் குடும்பத்தை வைத்து எழுதும்போது பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஆளை அடையாளம் காண முடிந்தாலே அவதூறு வழக்குக்கு இடமுண்டு. இந்தியாவில் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356ஆம் பிரிவு, இறந்தவரைப் பற்றி அவருடைய குடும்பத்தினரைப் புண்படுத்தும் நோக்கத்தோடு எழுதுவதையும் அவதூறில் சேர்க்கிறது.

2011 புத்தகத்தை முதலில் வாசியுங்கள். அப்போதுதான் அந்தக் கடிதங்கள் எதைக் குத்துகின்றன என்பது புரியும். இரண்டுமே ஜார்ஜ் மில்லரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கின்றன. ரோமன் பொலான்ஸ்கி 2017இல் எடுத்த படத்தைக் கடைசியில் பார்த்தால் போதும்: எல் பாத்திரத்தில் நடித்த எவா கிரீனின் முகத்தைத் திரையில் பார்த்த கணத்திலேயே எல் நமக்கு நிஜமாகிவிடுகிறாள், அந்தச் சந்தேகத்தைப் படத்தால் மீட்க முடியவில்லை.