தாப்பாவ் தராத ஞோக்கி கடை

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இத்தாலியச் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறது என்ற செய்தி எங்கள் குடும்ப வாட்சாப் குழுவுக்கு வந்தபோதே இரண்டு குறைகளையும் சேர்த்துக்கொண்டுதான் வந்தது. உருளைக்கிழங்கையும் மாவையும் பிசைந்து உருட்டிய ஞோக்கிக்கு 18 வெள்ளியா (ரிங்கிட்) என்பது ஒன்று. தாப்பாவ் (பார்சல்) கேட்டால் தர மாட்டேன் என்கிறார்களாம், அது இன்னொன்று. இந்த ஊரில் இப்படிக் கடை நடத்தினால் எத்தனை மாதம் ஓடும் என்று சித்தப்பா கேட்டிருந்தார். ஓட வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முன்பு தையல் கடை இருந்த இடம். சின்னக் கடை, ஒரு பக்கம் மேசைகள், எதிர்ப்பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் மாவு பிசையும் பலகை. கடைக்காரத் தம்பி தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், மெல்பர்னில் ஓர் இத்தாலியக் குடும்பத்தின் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறார். பீட்சா இல்லை, ஸ்பகெட்டி இல்லை. ஞோக்கி மட்டும்தான்.

அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். டோவன்பி தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். கையால் செய்கிற வேலை எதுவானாலும் நின்று பார்க்காமல் நகர மாட்டார். மேசைக்குப் போகாமல் கண்ணாடி முன்னாலேயே நின்றுவிட்டார். கிழங்கைத் தோலோடு வேகவைத்திருந்தார்கள். தோலை உரித்துவிட்டு வேகவைத்தால் கிழங்கு தண்ணீரைக் குடித்துவிடும். தண்ணீர் ஏறினால் மாவு கூடுதலாகப் போட வேண்டியிருக்கும், மாவு கூடினால் வெந்ததும் ரப்பர் போல இழுக்கும். சூடு ஆறுவதற்குள் தம்பி தோலை உரித்து, ஓட்டை போட்ட அச்சில் அழுத்திப் பலகை மேல் பரப்புகிறார். ஆவி போகட்டும் என்று சற்றுப் பொறுக்கிறார். பிறகு உப்பு, கொஞ்சம் கோதுமை மாவு. முட்டை இல்லை. சப்பாத்திக்குப் பிசைவதுபோல அடித்துப் பிசையவும் இல்லை. ஒன்றுசேர்ந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார். மழை பெய்து காற்று ஈரமாக இருக்கும் நாளில் மாவின் கணக்கே மாறிவிடுமாம். புதுக் கிழங்கு ஒத்துவராது, கொஞ்சம் பழசாகி ஈரம் வற்றிய கிழங்குதான் வேண்டும் என்றார்.

விரல் தடிமனுக்குத் திரித்து, துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் வரி வெட்டிய சின்னப் பலகையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி உருட்டுகிறார். ஒரு பக்கம் வரி விழுகிறது, மறுபக்கம் கட்டைவிரல் பதிந்த குழி. குழம்பு அந்த வரியில் ஒட்டும், குழியில் தேங்கும். ஒரு தட்டுக்கு எத்தனை துண்டு, அத்தனையும் ஒவ்வொன்றாக. 18 வெள்ளி எங்கே போகிறது என்று அங்கே நின்று பார்த்தால் தெரிந்துவிடும். அம்மா விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவருடைய கவலை வேறு.

"தம்பி, இதுல மாடு ஏதும் இருக்கா?"

"மாட்டிறைச்சி நம்ம கிச்சனுக்குள்ளயே வராதும்மா. ஆனா சீஸ் பத்தி ஒன்னு சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தார். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற அசல் பார்மேசானுக்குப் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த நொதிதான் சேர்க்க வேண்டும், அது அந்தச் சீஸின் விதி. செம்மறி ஆட்டுப்பாலில் செய்கிற பெக்கோரினோ ரொமானோ சீஸுக்கு ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து. சைவம் வேண்டுமென்றால் வேறு நொதியில் திரித்த மொசரெல்லா மட்டும் போட்டுத் தருகிறேன் என்றார். நாங்கள் கேட்கவே தெரியாத ஒன்றை அவராகவே சொன்னார். எனக்கு அந்தக் கடை மேல் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

அன்றைக்கு வியாழக்கிழமை. ரோம் நகரத்தில் வியாழன்தான் ஞோக்கி நாள்; மறுநாள் வெள்ளி, கத்தோலிக்கர்கள் இறைச்சி விலக்கும் நாள், அதனால் முந்தின நாளே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடும் பழைய வழக்கம். "அவங்களுக்கும் வெள்ளிக்கிழமை சுத்தபத்தமா?" என்றார் அம்மா. ரோமில் இன்னொரு வகை ஞோக்கியும் உண்டு: கிழங்கே கிடையாது, ரவையைப் பாலில் கிண்டி, ஆறவிட்டு, வட்டமாக வெட்டி, வெண்ணெயும் சீஸும் போட்டு அடுப்பில் சுட்டெடுப்பது. வியாழன் தோறும் அதுவும் இங்கே இருக்கிறது. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை, கனமாக இருந்தது.

நாங்கள் சாப்பிட்டது இத்தாலியின் சொரெந்தோ ஊர் முறை. மண் சட்டியில் தக்காளிக் குழம்பு, பேசில் இலை, மேலே மொசரெல்லா உருகி ஓரத்தில் கருகியிருந்தது. கரண்டியால் எடுத்தால் சீஸ் நூல் விடுகிறது. உள்ளே ஞோக்கி நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்தினாலே கரைகிறது. கிழங்கின் வாசம் அப்போதுதான் மேலே வருகிறது. காரம் வேண்டும் என்றார் அம்மா. சிலி பாடி என்கிற சின்ன மிளகாய் வரும் என்று பார்த்தால், காய்ந்த மிளகாயை ஊறவைத்த ஆலிவ் எண்ணெய் வந்தது. இத்தாலியின் தெற்கே கலாப்ரியாவில் மிளகாய் இல்லாமல் சாப்பிட மாட்டார்களாம். மசாலா ஞோக்கி, சம்பல் ஞோக்கி என்று போட்டுக் கூட்டம் சேர்த்திருக்கலாம். அவர் அந்தப் பக்கம் போகவில்லை, அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பேசில் இலையை அரைத்துச் செய்கிற பெஸ்டோவில் மட்டும் பைன் கொட்டைக்குப் பதில் முந்திரி. எண்ணெய் கொஞ்சம் தூக்கல்.

சுவரில் ஒரு படம். வெள்ளைத் தாடிக்காரர் ஆளுயர முள்கரண்டியில் பெரிய ஞோக்கி ஒன்றைக் குத்திப் பிடித்திருக்கிறார். வெரோனா நகரத்துக் கார்னிவல் நாயகன். 16ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்து சான் ஜெனோ பகுதி ஏழைகள் கொந்தளித்தபோது அவர்களுக்கு உணவு வழங்கிய கதையோடு அந்த விழாவைச் சேர்த்துச் சொல்கிறார்கள். தம்பி இதைச் சொன்னதும் அம்மா பாட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஜப்பான்காரன் காலத்தில், 1942க்குப் பிறகு, அரிசி இல்லாமல் தோட்டமே மரவள்ளிக் கிழங்கில் உயிர் பிழைத்தது. பாட்டி அதை அரைத்து, தட்டி, அவித்து, பிள்ளைகள் முகம் சுளிக்காமல் சாப்பிட என்னவெல்லாமோ செய்து பார்த்திருக்கிறார். கிழங்குதானே என்று யாராவது சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வருவது அதனால்தான்.

சரி, தாப்பாவ். கொதிக்கிற தண்ணீரில் போட்ட ஞோக்கி இரண்டொரு நிமிடத்தில் மேலே மிதந்து வரும், வந்தவுடன் எடுத்துவிட வேண்டும். எடுத்ததும் சாப்பிட வேண்டும். டப்பாவில் அடைத்தால் அதன் சூட்டிலேயே மேலும் வெந்து குழைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆறினால் மாவுச்சத்து இறுகிக் கெட்டியாகிவிடும். வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறக்கிறவர் கடையைத்தான் திட்டுவார். காசு வருகிறதே என்று கொடுத்துவிடாமல் முடியாது என்கிறாரே, அதை ஆணவம் என்று பேசுவது சரியில்லை. பசிக்குப் பொட்டலம் கட்டித் தர ஊரில் எத்தனையோ கடை இருக்கிறது.

திராமிசு என்ற இனிப்பு சுமார்தான். ராகு என்கிற ஆட்டிறைச்சிக் குழம்பு சனி, ஞாயிறு மட்டும், ஏழரைக்குள் தீர்ந்துவிடும். திங்கள் முதல் புதன் வரை கடை இல்லை. முன்னால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, பின்சந்தில் போய்ப் பாருங்கள். சித்தப்பாவிடம் சனிக்கிழமை ஆறரைக்குத் தயாராக இருக்கச் சொல்லியிருக்கிறேன்.