ஜனநாயகத்துக்குள் ஒரு நாய்

இருபது வருடங்களுக்கு முன் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது, எனக்குக் கொடுத்த முதல் வேலை வாசகர் கடிதங்களைப் பிரிப்பது. பெரும்பாலும் ஐம்பது காசு அஞ்சலட்டைகள். இடம் போதாமல் முகவரிப் பக்கத்து ஓரம் வரை நுணுக்கி நுணுக்கி எழுதியிருப்பார்கள். திட்டும் வரும். ஆனால் தபால்காரர் படித்துவிடுவார் என்ற கூச்சமோ என்னவோ, அந்தத் திட்டும் ‘ஐயா’ என்றுதான் ஆரம்பிக்கும்.

இப்போது சென்னையில் ஒரு செய்தி ஆப்பில் இருக்கிறேன். போன வருடம் அதில் பின்னூட்டப் பகுதி சேர்க்க முடிவானபோது, “வாசகர்களை உங்களுக்குத்தான் சார் தெரியும்” என்று அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். கூட ஒரு டிசைனர் பெண், ஒரு டெவலப்பர் தம்பி. பின்னூட்டப் பெட்டி செய்திக்குக் கீழேயா, தனிப் பக்கத்திலா, பட்டன் என்ன நிறம் என்று இரண்டு வாரம் ஓடியது. அதை விடுங்கள்.

கெட்ட சொற்களின் பட்டியலில்தான் உண்மையான வேலை தொடங்கியது. ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து எனக்குத் தெரிந்த வசவுகளையெல்லாம் எக்ஸெல்லில் தட்டினேன். டீ கொண்டுவந்த அக்கா திரையைப் பார்த்துவிட்டு, டம்ளரை வைத்த வேகத்தில் போய்விட்டார். தமிழில் ஒரு சொல்லைப் பட்டியலில் போட்டால் போதாது, அதன் வேற்றுமை உருபுகளும் பின்னாலேயே வரும். நாய், நாயே, நாயை, நாய்களா. தம்பி சுலபமான வழி கண்டுபிடித்தான். புள்ளியை எடுத்துவிட்டு ‘நாய’ என்று மட்டும் போட்டால் நாயே, நாயை எல்லாம் சிக்கிவிடும், கம்ப்யூட்டர் கண்ணுக்கு ‘யே’ என்பது ‘ய’வும் ஒரு கொம்பும்தானே என்றான். சோதித்துப் பார்த்தோம், அருமையாக வேலை செய்தது.

திறந்த முதல் நாளே ஒருவர், “இதுவா ஜனநாயகம்?” என்று கேட்டிருந்தார். தடுக்கப்பட்டது. ஜனநாயகத்துக்குள் ‘நாய’ இருக்கிறது. அது ஆகஸ்ட் மாதம் வேறு. 11ஆம் தேதி டெல்லி தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, 22ஆம் தேதி அதைத் திருத்தியது. அந்த இரண்டு வாரமும் நாயைப் பற்றி யாரும் எங்கள் ஆப்பில் வாய் திறக்க முடியவில்லை. அப்புறம் 27ஆம் தேதி விநாயகர் சதுர்த்தி. வாழ்த்துச் சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் ‘உங்கள் பதிவில் தகாத சொல் உள்ளது’ என்று காட்டியது. அன்றைக்கு அலுவலகத் தொலைபேசியை எடுக்கவே பயமாக இருந்தது.

திட்ட நினைத்தவர்கள் இதே நாட்களில் சௌகரியமாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எழுத்துக்கு நடுவே புள்ளி வைத்தார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினார்கள். ஒரு மேதாவி எருமையின் ‘எ’வுக்குப் பதில் தமிழ் எண் ஏழைப் போட்டிருந்தார். ௭ருமை. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், இயந்திரத்துக்கு வேறு. தமிழ் எண்களை இன்றும் விடாமல் பயன்படுத்தும் ஒரு வாசகர் வட்டத்தை இப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு வழியை மாற்றினோம். பட்டியலில் சிக்குவதை ஃபில்டர் தடுக்காது, வரிசையில் நிறுத்தும். ஒரு மனிதர் பார்த்து விடுவிப்பார். ஜனநாயகம், விநாயகர், நாயகன், நாயகி ஆகியோருக்கு விலக்கு.

இன்னொரு தப்பைக் கண்டுபிடித்தவர் மன்னார்குடியில் இருக்கும் என் பெரியப்பா. ஓய்வு பெற்ற தமிழாசிரியர். “முந்நூறு எழுத்துன்னு போட்டிருக்கீங்க. நான் விரல் விட்டு எண்ணிட்டேன்டா, நூத்தித் தொண்ணூறுலயே நிறுத்திடுது” என்றார். பார்த்தால், ‘தமிழ்’ என்பதை எங்கள் நிரல் ஐந்து என்று எண்ணிக்கொண்டிருந்தது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. “புள்ளியைத் தனியா எண்ணுற இலக்கணம் யாருடா எழுதினது?” என்று கேட்டார். தம்பியிடம் அப்படியே சொன்னேன். எழுத்தை எழுத்தாக எண்ணும் முறை ஏற்கெனவே இருக்கிறது, யாரும் கேட்காததால் போடவில்லை என்றான்.

நார்வே ஒலிபரப்பு நிறுவனமான என்ஆர்கே, தன் என்ஆர்கேபீட்டா தளத்தில் 2017இல் ஒரு வேலை செய்தது. பின்னூட்டம் எழுதும் முன் அந்தக் கட்டுரையிலிருந்தே மூன்று கேள்விகள். சரியாகப் பதில் சொன்னால்தான் பெட்டி திறக்கும். தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பாய்பவர்கள் வெளியே நிற்பார்கள், படித்தவர்களுக்கும் கோபம் ஆற ஒரு நிமிடம் கிடைக்கும். படித்ததும் எனக்குப் பிடித்துப்போனது. ஒரே ஒரு கேள்வியோடு நாங்களும் வைத்துப் பார்த்தோம். வம்புக்கு வந்தவர்கள் மூன்று விடைகளையும் வரிசையாக அழுத்தி உள்ளே வந்துவிட்டார்கள். மாட்டியது பெரியப்பாதான். மூன்றில் இரண்டு விடைகள் சரி என்று அரை மணி நேரம் போனில் வாதாடினார். கேள்வி எழுதியது நான். அவர் சொன்னதும் சரிதான்.

கேள்வியை எடுத்துவிட்டோம். எனக்கு அஞ்சலட்டை ஞாபகம் வந்தது. எழுதி முடித்தவர் சட்டை மாட்டிக்கொண்டு தெருமுனைத் தபால் பெட்டி வரை நடக்க வேண்டும். அந்த நடையில் எத்தனை அட்டைகள் கிழிந்திருக்குமோ. அதனால் ‘அனுப்பு’ அழுத்திய பிறகு பத்து நிமிடம் கழித்துத்தான் பின்னூட்டம் வெளியாகும். அதற்குள் திருத்தலாம், திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ‘பத்து நிமிடத்தில் ஆள் வேறு ஆப்புக்குப் போய்விடுவார்’ என்று மேலிடத்தில் முணுமுணுத்தார்கள். போனார்கள்தான். ஆனால் நள்ளிரவில் எழுதியதைத் தானே திரும்ப எடுப்பவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம்.

ஒன்றில் மட்டும் நான் இறங்கிவரவில்லை. பாலியல் வன்முறைச் செய்திகளுக்குக் கீழே பெட்டியே வரக்கூடாது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72ஆவது பிரிவின்படி குற்றம், பழைய சட்டத்தில் 228ஏ. நாங்கள் பெயர், ஊர் எல்லாம் மறைத்து எழுதுவோம். கீழே ஒருவர் இரக்கத்தோடுதான், “பாவம், எங்க பக்கத்துத் தெருப் பொண்ணு” என்று எழுதி, தெருப் பெயரையும் சேர்ப்பார். அதற்கு எந்த வசவுப் பட்டியல் உதவும்? ஆசிரியரே நினைத்தாலும் திறக்க முடியாதபடி பூட்டச் சொன்னேன். அதற்கு மட்டும் நாலு கூட்டம் நடந்தது.

நேற்று இரவு வரிசையைப் பார்க்கும் முறை என்னுடையது. மன்னார்குடிக் கோயில் குளம் பற்றிய செய்திக்குப் பெரியப்பா எழுதியது நின்றுகொண்டிருந்தது. “தஞ்சை நாயக்கர்கள் திருப்பணி செய்த கோயிலின் குளத்தில் இன்று பிளாஸ்டிக் மிதக்கிறது.” நாயக்கர்! விலக்குப் பட்டியலில் விட்டுப்போயிருந்தது. விடுவித்துவிட்டு, காலையில் தம்பியிடம் சொல்லிச் சேர்க்கலாம் என்று குறித்துக்கொண்டேன். பத்து நிமிடம் முடிவதற்குள் அவர் அதைத் திரும்ப எடுத்து, ‘பிளாஸ்டிக்’கை ‘நெகிழி’ ஆக்கி மறுபடி அனுப்பினார். மறுபடி வரிசையில் வந்து நின்றது.